யானை அளவு நாவல் பழம்!

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது சேதராப்பட்டு. அங்கே கல்யாணம் நடந்தாலும் சரி, காசியில் நடந்தாலும் சரி, புரோகிதர் சங்கல்பம் சொல்லும்போது "ஜம்புத் தீவு" என்ற பெயர் வரும்.

அது எந்தத் தீவு? வேறு எதுவும் இல்லை. நாம் வாழும் நாடுதான்! "ஜம்பு" என்றால் நாவல். தமிழில் நாவலந்தீவு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் அசோகச் சக்கரவர்த்தி வெட்டிய கல்வெட்டிலும் இந்தப் பெயர் உண்டு.

நாட்டுக்கே பெயர் கொடுத்த அந்த மரம் எப்படிப்பட்டது?

கதையில் வரும் மரம்

விஷ்ணு புராணம் அதை வருணிக்கிறது. மேரு மலையைச் சுற்றி நான்கு மலைகள். அவற்றில் ஒன்றின் மேல் ஒரு நாவல் மரம். உயரம் 1,100 யோசனை. ஒரு யோசனை என்பதே பல மைல்!

பழம் ஒவ்வொன்றும் யானை அளவு. அது பழுத்து விழுந்து சிதறும். சாறு ஆறாக ஓடும். அதுதான் ஜம்பு நதி. அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு வியர்வை இல்லை, துர்நாற்றம் இல்லை, மூப்பும் இல்லை.

கரை மண் அந்தச் சாற்றில் ஊறி, காற்றில் உலர்ந்தால் பொன்னாகிவிடும். அதன் பெயர் சாம்பூநதம். மதுரைக் கடைவீதியில் விற்ற நால்வகைப் பொன்னில் இதுவும் ஒன்று என்கிறது சிலப்பதிகாரம்.

கண்ணால் காணும் மரம்

நிஜ நாவல் பழமோ கட்டைவிரல் நுனி அளவுதான். ஆனி, ஆடியில் பழுக்கும். ஒளவையாரிடம் முருகன் "சுட்ட பழமா, சுடாத பழமா?" என்று கேட்ட கதை இந்தப் பழத்தைப் பற்றியதுதான். பெரியவர்களுக்குத் தெரியாமல் தின்ற பிள்ளையை ஊதா நிற நாக்கே காட்டிக் கொடுத்துவிடும்! நாவல் கட்டை தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் மக்காது.

திருச்சியை அடுத்த திருவானைக்காவில் வெண்ணாவல்தான் தல விருட்சம்.

இதைக் கவனியுங்கள்

கதையில் வரும் மரம் மூப்பைப் போக்கியது. இன்று நிஜ மரத்திடமும் சிலர் அப்படி ஓர் அற்புதத்தை எதிர்பார்க்கிறார்கள். நாவல் கொட்டைப் பொடியைத் தின்றால் சர்க்கரை நோய் போய்விடும் என்று நம்பி, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து! கொட்டைப் பொடி சர்க்கரை நோயை அடியோடு போக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. மருந்தை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் கெடக்கூடும்.

நாவல் நல்ல பழம். ஆசையாகச் சாப்பிடலாம். ஆனால், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், எத்தனை பழம் சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.