லேசர்க் கருவியும் கைப்பயிற்சியும்

முன்னர் கத்தியும் கத்தரிக்கோலும் கொண்டு செய்துவந்த சத்திரசிகிச்சைகள் பலவற்றை இக்காலத்தில் ஒளியைக் கொண்டு செய்கின்றனர் என்பதை அறிந்திருப்பீர்கள். லேசர் என வழங்கும் அக்கருவியின் அற்புதங்களைப் பலரும் எடுத்துரைப்பர். அதனைக் கையாள ஒரு வைத்தியர் எவ்வாறு பழகுகின்றார், அவரைப் பழக்குவோர் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பன பற்றிப் பேசுவோர் சிலரே. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய விடயம் இதுவாகையால், இன்று இதனையே பேச எடுத்துக்கொண்டேன்.

லேசர்கள் பல வகைப்படும். எல்லாவற்றையும் விரித்துரைக்க நேரம் போதாது. தொண்டை வைத்தியர்கள் குரல்வளையிற் பயன்படுத்தும் காபனீரொட்சைட்டு லேசரை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். 1960 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தியோடோர் மைமன் என்பார் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து, இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல் என்னும் விஞ்ஞானி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்டு வேறொரு லேசரை ஆக்கினார். அக்கதிரின் அலைநீளம் 10.6 மைக்குரோமீற்றர். அதனை நீர் மிக விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். நமது இழையங்களிற் பெரும்பகுதி நீரேயன்றோ? ஆகவே, கதிர் படும் இடத்துக் கலங்கள் கணப்பொழுதில் ஆவியாகிவிட, சற்று அப்பாலுள்ள இழையம் அதிகம் வேகாமல் தப்பிவிடுகின்றது. மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் அச்சூட்டினால் அடைபட்டும் விடுகின்றன.

பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களாகிய ஸ்ரோங், யாக்கோ என்னும் இருவரும், மனிதரின் குரல்வளையில் இக்கருவியைப் பயன்படுத்திய அனுபவத்தை 1972 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாய்களின் குரல்நாண்களில் நடத்திய பரிசோதனைகளையும் யாக்கோ அதே ஆண்டில் எழுதினார். முறையை வகுத்தவர்களே வேறிடத்திற் கைபழகியிருக்க, பின்வந்தோர் நேரே நோயாளியிடம் பழகுவதற்கு நியாயம் ஏது?

கத்தி பிடித்தவருக்கு இழையத்தின் தடிப்பும் மென்மையும் விரல்வழியே தெரிந்துவிடும். லேசரில் அந்த உணர்ச்சி இல்லை. வைத்தியர் நுணுக்குக்காட்டியினூடே நோக்கியவாறு, ஒரு சிறு நெம்பினாற் கதிரை நகர்த்தி, காலால் மிதியை அழுத்துகின்றார். வெட்டும் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. அது விழும் இடத்தைக் காட்டுவதற்கென்று வேறொரு செவ்வொளிப் புள்ளி உடன் வருகின்றது. புள்ளியின் விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். கதிரின் செறிவு காற்பங்காகக் குறையும். ஆகவே குவித்த கதிர் வெட்டும். குவிவு கலைந்த அதே கதிர் மேற்பரப்பைச் சுட்டு இரத்தத்தை நிறுத்தும். எவ்வளவு ஆழம் செல்லும் என்பது கதிரின் வலிமையையும், புள்ளியின் அளவையும், மிதி அழுந்தியிருக்கும் நேரத்தையும் பொறுத்தது. நூலில் இதனை ஒரு பக்கத்திற் படித்துவிடலாம். கண்ணும் கையும் காலும் ஒன்றாக இயங்கப் பழகுவதோ வேறு காரியம்.

ஆதலாற் பயிற்சி எளிய பொருள்களிலே தொடங்க வேண்டும். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரத்தட்டை ஈரமாக்கி, அதன்மீது ஒருமுறை கதிரை விடுவர். கரி விழுந்த இடமும் செவ்வொளி நின்ற இடமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். விலகியிருப்பின் கருவியைச் சரிசெய்யாது மேற்செல்லலாகாது. பின்னர்த் தக்காளிப் பழத்தின் தோலைச் சதை கெடாமல் நீக்கிப் பார்க்கலாம். இதன் பின்பே, இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற பன்றியின் குரல்வளைக்கு வருதல் முறை. அது மனிதரின் குரல்வளையை அளவிலும் அமைப்பிலும் ஓரளவு ஒத்தது. அதிலே ஆழத்தைக் கற்கலாம். இரத்தப்போக்கைக் கற்க முடியாது. உயிரற்ற இழையம் எத்துணைத் தவறாக வெட்டினும் வாய்திறவாது கிடக்கும். அதிலே நன்றாகச் செய்தவர் தம்மைத் தேர்ந்தவரென்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. பயிற்றுவோர் இதனை முதல்நாளிலேயே எடுத்துச் சொல்லுதல் நன்று.

இனி, எல்லாவற்றிலும் பெரிய ஆபத்தைச் சொல்கின்றேன். அது நெருப்பு. குரல்வளையில் நோயாளியின் மூச்சும் வைத்தியரின் வேலையும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மயக்கத்திலிருப்பவருக்கு ஒட்சிசன் செலுத்தும் குழாய் பெரும்பாலும் குரல்நாண்களுக்கு இடையாகவே செல்லும். கதிர் சற்று விலகிச் சாதாரணப் பிளாஸ்ரிக் குழாயைத் துளைத்துவிட்டால், உள்ளே ஓடும் ஒட்சிசனில் அது பற்றிக்கொள்ளும். சுவாலை நுரையீரலை நோக்கிப் பாயும். இதற்காகவே உலோகத்தாலான சிறப்புக் குழாய்கள் உள்ளன. எனினும் குழாயின் கீழ்ப்பகுதியில் மூச்சுவழியை அடைத்துநிற்கும் சிறு பை மெல்லியதே. அதனைக் காற்றினால் நிரப்பாது நீலமூட்டிய உப்புநீரால் நிரப்புவர். பை துளைபட்டால் நீலநிறம் கசிந்து எச்சரிக்கும். அதன்மேல் ஈரப் பஞ்சுகளை வைப்பர். மயக்கமருந்து வைத்தியர், நோயாளிக்குப் போதுமாயின், ஒட்சிசனை நூற்றுக்கு 30 பங்குக்குக் கீழே வைத்திருப்பார். நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ளது 21 பங்கு.

இவற்றைச் சொல்லாற் கேட்பதிலும் கண்ணாற் காண்பது மேல். எரியும் பொருள் யாதும் அருகில்லாத இடத்தில், தீயணைக்கும் ஏற்பாட்டுடன், ஒட்சிசன் ஓடும் பிளாஸ்ரிக் குழாயொன்றின்மீது கதிரைப் பாய்ச்சிக் காட்டுதல் வேண்டும். அது சீறி எரிவதை ஒருமுறை கண்டவர் ஈரப் பஞ்சை மறக்கமாட்டார். அடுத்து, பயிற்சிப் பொம்மையொன்றை மேசையிற் கிடத்தி, நெருப்பு எழுந்ததாகவே கொண்டு ஒத்திகை பார்த்தல் வேண்டும். குழாயை உருவுபவர் யார், வாயுக்களை நிறுத்துபவர் யார், உப்புநீரை ஊற்றுபவர் யார் என்பன முன்னரே தீர்ந்திருக்க, மூன்றும் ஏறக்குறைய ஒரே மூச்சில் நடந்தேற வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும் வரைக்கும் ஒத்திகை முடியவில்லை என்றே கொள்க.

எனவே, சத்திரவைத்தியரை மாத்திரம் அழைத்து நடத்தும் பயிற்சி அரைப்பயிற்சியாகும். மயக்கமருந்து வைத்தியரும் தாதியரும் உடன் வருதல் வேண்டும். கருவியின் திறவுகோலை வைத்திருப்பதும், கதிர் வேண்டாத வேளையில் அதனை ஓய்வுநிலைக்கு மாற்றுவதும் தாதியின் கடமைகளாகலாம். மேசையின் கீழ் வேறு கருவிகளின் மிதிகளும் கிடந்தாற் கால் தவறுவது எளிது. லேசரின் மிதி ஒன்றே அங்கே இருத்தல் வேண்டும். அறையிலுள்ளோர் யாவரும் காப்புக் கண்ணாடி அணிவர். இக்கதிர் கண்ணின் முன்புறத்து விழிவெண்படலத்தைச் சுடும். தெளிந்த பிளாஸ்ரிக் கண்ணாடியே அதனைத் தடுத்துவிடும். 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள வேறொரு லேசரின் கதிரோ அக்கண்ணாடியைக் கடந்து விழித்திரை வரைக்கும் சென்றுவிடும். ஆகையாற் கண்ணாடியிற் பொறித்திருக்கும் அலைநீளத்தை வாசித்தபின்பே அணியப் பழக்க வேண்டும்.

புகையையும் இலேசாக எண்ணுதல் தகாது. லேசரினால் மருக்களை அகற்றிவந்த சத்திரவைத்தியர் ஒருவரின் குரல்வளையிலேயே அத்தகைய வளர்ச்சிகள் தோன்றியதை 1991 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டிலிருந்து வெளியிட்டனர். புகையை உறிஞ்சும் குழலை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அண்மையிற் பிடிக்க ஒருவரைப் பழக்குவது அவசியம்.

இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்குக் கருவி விற்போரே பணம் கொடுக்கின்றனர். அவர்களுடைய தொழில்நுட்பவியலாளர் கருவியின் உறுப்புகளை நன்கறிந்தவர். அவரில்லாமற் பயிற்சி நடவாது. ஆனால் எங்கே லேசரை எடுக்கலாகாது என்பதை அவரிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று. குரல்நாணின் ஓரத்திலுள்ள சிறு கட்டிகள் சிலவற்றை நுண்ணிய எஃகுக் கருவிகளாலும் செவ்வையாக அகற்றலாம். அக்கருவிகளையும் அதே மேசையில் வைத்து, இரண்டாலும் செய்து ஒப்பிட வைப்பவரே நல்லாசிரியர். ஒரு கருவிக்கு நால்வருக்கு மேற் சேர்ப்பதும் எனக்கு உடன்பாடன்று. இருபதுபேர் சூழ்ந்துநின்று திரையிற் பார்த்துச் செல்வதைக் கைப்பயிற்சி எனல் எவ்வாறு பொருந்தும்?

முடிவில் வழங்கும் சான்றிதழில் இத்தனை நாள் வந்திருந்தார் என்று எழுதுவதிலும், எத்தனை குரல்வளைகளிற் செய்தார், தீ ஒத்திகையில் எப்பணியை ஏற்றார் என்று எழுதுவது அவர் திரும்பிச் செல்லும் வைத்தியசாலைக்குப் பயன்படும். அங்கே முதற் சில நோயாளிகளுக்கு அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்பார். அவர் போதுமென்று சொன்ன பின்னரே புதியவர் தனியே மிதியில் காலை வைக்கலாம்.