கால்வாய்ப் படகும் நியூட்டன் விதிகளும்

மணிக்கு 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. கரையில் ஒருவர் வேகமாக நடந்தாலே கூட வந்துவிடலாம். இப்படிப்பட்ட வாகனத்தை ஓட்டுவதில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கிலாந்தின் கால்வாய்களில் செல்லும் ‘நேரோபோட்’ என்னும் குறுகிய படகு அத்தகைய வாகனம்தான். ஆனால் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலை அதன் சொந்தக்காரர் ஒரு கணம் மறந்தாலும் கை கால் முறியலாம், படகே மூழ்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

இக்கால்வாய்களில் பல, 18-ஆம் நூற்றாண்டில் நிலக்கரி போன்ற சரக்குகளை ஏற்றிச் செல்ல வெட்டப்பட்டவை. மேடு பள்ளங்களில் படகை ஏற்றி இறக்க ‘லாக்’ எனப்படும் மதகுத் தொட்டிகளைக் கட்டினார்கள். பல தொட்டிகளின் அகலம் ஏறத்தாழ 7 அடி. எனவே படகின் அகலம் அதற்குச் சற்றுக் குறைவு. நீளமோ 70 அடி வரை உண்டு. அன்று கரையில் நடந்த குதிரை படகை இழுத்தது. இன்று டீசல் எஞ்சின் தள்ளுகிறது. சரக்கு இருந்த இடத்தில் இப்போது படுக்கையும் அடுப்பும் இருக்கின்றன. பலருக்கு அதுவே வீடு.

எடை எவ்வளவு?

அடிப்பாகம் தட்டையாக, 15 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள இரும்புப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நீரில் அரை மீட்டர் ஆழம் அமிழ்ந்திருக்கிறது. விலக்கப்பட்ட நீரின் கன அளவு 15 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, படகின் எடையும் 15 டன்தான். தராசு இல்லாமலே எடை போட்டுவிட்டோம் அல்லவா?

இப்படகு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 7,500 ஜூல். 60 கிலோ எடையுள்ள மனிதர் 12 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இது. படகு சுவரில் மோதி 10 செ.மீ. தூரத்தில் நிற்குமானால் சராசரி விசை 75,000 நியூட்டன், அதாவது சுமார் ஏழரை டன் எடை. மோதலைத் தடுக்கிறேன் என்று காலை நீட்டுபவர் கதி என்னவாகும்? படகு மோதினால் கீறல் விழும். கால் அகப்பட்டால் எலும்பு நொறுங்கும். கை கால்களைப் படகுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வது முதல் பாடம்.

பிரேக் இல்லாத வண்டி

படகுக்கு பிரேக் கிடையாது. ப்ரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் நிறுத்த வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும். ஆகவே நிறுத்த வேண்டிய இடத்திற்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சுக்கானின் கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். ப்ரொப்பெல்லர் தள்ளும் நீரைச் சுக்கான் ஒரு பக்கமாகத் திருப்புகிறது. நீர் சுக்கானை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! பாலம் நெருங்குகிறதே என்று பயந்து எஞ்சினின் இணைப்பைத் துண்டித்தால் நீரோட்டம் குறைந்து சுக்கான் பெரும்பாலும் செயலற்றுப்போகும். மெதுவாகச் செல்வது வேறு, உந்துதலே இல்லாமல் மிதப்பது வேறு.

எஞ்சினை முடுக்கினாலும் பயனில்லை. கால்வாய் ஆழமற்றது. படகுக்கு அடியில் உள்ள சிறிய இடைவெளியில் நீர் விரைந்து பின்னோக்கிப் பாயும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பெர்னூலி கூறியபடி, படகு மேலும் கீழே அமிழும். எரிபொருளின் ஆற்றல் அலையாக மாறிக் கரையை அரிக்கும்.

தொட்டிக்குள் கவனம்!

நீர்மட்டம் 2 மீட்டர் வேறுபடும்போது, 2 மீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள கதவின்மீது குறைந்தது 4 டன் எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. எத்தனை பேர் தள்ளினாலும் அது திறவாது. ஷட்டர்களைக் கைப்பிடியால் உயர்த்தி நீரைப் பாயவிட்டு, இருபுறமும் மட்டம் சமமாகும்வரை காத்திருந்தால், ஒருவரே நெம்புகோல் போன்ற நீண்ட மரத்தைத் தள்ளிக் கதவைத் திறந்துவிடலாம்.

கீழிறங்கும்போதுதான் பெரிய அபாயம். மேல் கதவின் அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல்திட்டு இருக்கும். அதன் எல்லையை வெள்ளைக் கோடு காட்டும். படகின் பின்முனை அத்திட்டின்மேல் சிக்கினால், நீர் இறங்க இறங்க முன்முனை தாழ்ந்து நீர் புகுந்துவிடும். உடனே கீழ் ஷட்டர்களை மூட வேண்டும்; பிறகு மேல் ஷட்டர்களைத் திறந்து நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். இந்த வரிசையை அறிந்த ஒருவர், இறங்கும் நேரம் முழுவதும் ஷட்டர் அருகிலேயே நிற்க வேண்டும்.

பராமரிப்பு

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து வெளியே எடுத்து, அடிப்பாகத்தைச் சுரண்டித் தார்ப்பூச்சு அடிக்கிறார்கள். பக்கங்களில் மக்னீசியக் கட்டிகளையும் பொருத்துகிறார்கள். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் மக்னீசியம், தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. கட்டி கரைந்தால் குறை என்று எண்ண வேண்டாம். அது வேலை செய்கிறது என்று பொருள்.

ப்ரொப்பெல்லரில் சுற்றிய குப்பையை எடுக்க, அதன்மேல் மூடியுள்ள ஒரு துவாரம் உண்டு. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே கையை விட வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்க மறந்தால் எஞ்சின் அறைக்குள் நீர் பாயும். அடுப்பெரியும் சிறு அறையில் கார்பன் மோனாக்சைடு இன்னோர் எதிரி. மணமற்ற இந்த நச்சு வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி அவசியம்.

இங்கிலாந்துக்குப் போகாமலே ஒரு சோதனை செய்யலாம். 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள டிபன் டப்பாவை நீரில் மிதக்கவிடுங்கள். 200 கிராம் ஏற்றினால் எவ்வளவு அமிழும் என்று முதலில் கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள். விடை 1 செ.மீ. வந்தால், 15 டன் படகின் கணக்கும் உங்களுக்குக் கைவந்துவிட்டது.