ஈரத்தில் கொத்தினால் செங்கல் ஆகும் கரிசல் மண்: வீட்டுத்தோட்டம் போடுறவங்க பதம் பார்ப்பது எப்படி?

கோவில்பட்டி:

மழை பெய்த மறுநாள் காலையிலேயே மம்பட்டியை தூக்கிக்கொண்டு வீட்டுக்கு பின்னால் இறங்குவது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதியில் பலரது வழக்கம். மண் இளகி கிடக்கு, இப்போ கொத்துனா லேசா இருக்கும் என்ற நினைப்புதான் காரணம். ஆனால் கரிசல் மண்ணில் நட்ட கத்தரியும் தக்காளியும் வளராமல் குச்சியாக நிற்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

கரிசலில் களி அதிகம். தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவது இதனால்தான். சொதசொதவென்று இருக்கும்போது வெட்டி, அதன் மேலேயே மிதித்து நடந்தால் மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போகும் சந்துகள் அமுங்கி அடைபட்டு விடும். நாலு நாள் வெயில் அடித்ததும் சூளையில் வைத்த செங்கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் வேர் கீழே இறங்காது. ஊற்றுகிற தண்ணீரும் உள்ளே போகாமல் தேங்கி நின்று வேரை அழுக வைக்கும். விதை, நாற்று வாங்கிய காசு போவதோடு, குடம் குடமாக சுமந்து ஊற்றிய தண்ணீரும் வீண்தான்.

பிடி மண் போதும்

மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்க கருவி எதுவும் வேண்டாம். 4 அங்குலம் தோண்டி ஒரு பிடி மண் எடுத்து உருட்டுங்கள். மேல் மண்ணை எடுத்து பார்த்து ஏமாறக்கூடாது, அது சீக்கிரம் காய்ந்துவிடும். உருண்டையை கட்டை விரலால் அழுத்தும்போது பிசைந்த மாவு மாதிரி நசுங்கி கையில் ஒட்டினால் இன்னும் ரெண்டு, மூணு நாள் பொறுக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான் சரியான பதம். உருண்டையே பிடிக்க முடியாமல் கல்லாக இருந்தால் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பதம் வந்த பிறகு கொத்தலாம். காய்ந்த கரிசலை கடப்பாரையால் குத்தினால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்.

எல்லாத்துக்கும் ஒரே ஆழம் தேவையில்லை. கீரைக்கு அரை அடி கொத்தினால் போதும். கத்தரி, தக்காளி, வெண்டைக்கு ஒரு அடி வேண்டும். முள்ளங்கிக்கு மண் பூப்போல இல்லாவிட்டால் கிழங்கு ரெண்டாக பிரிந்து கோணலாக வரும். அடி மண்ணை மேலே கொண்டுவந்து போடக்கூடாது. கரிசலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக சுண்ணாம்புக்கல் கிடக்கும் மண் சத்தில்லாதது. மேல் மண்ணை தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, அடி மண்ணை இருந்த இடத்திலேயே கிளறிவிட வேண்டும்.

புது வீடு கட்டியவர்களுக்கு இதில்தான் பெரிய அடி. அஸ்திவாரம் தோண்டிய அடி மண்ணை சுற்றிலும் பரப்பி, அதோடு சிமெண்டு கட்டி, உடைந்த ஓடு, ஜல்லி எல்லாம் கலந்துவிட்டிருப்பார்கள். பார்க்க மண்ணாக தெரியும், எது நட்டாலும் வராது. அதை அள்ளி வெளியே போடாமல் எவ்வளவு உரம் கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

மணல் வேண்டாம், எரு போடுங்கள்

மண் இளக ரெண்டு சட்டி மணல் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். களி மண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் சாந்து மாதிரி இன்னும் இறுகும். மக்கிய மாட்டு எரு, ஆட்டுப்புழுக்கை, மக்கிய சருகு ஆகியவைதான் களியை பொலபொலப்பாக்கும். கொத்தும்போதே மேல் அரை அடியில் கலந்துவிட வேண்டும். பச்சை சாணம் வேரை சுட்டுவிடும்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்து பதம் வந்ததும் ஒரு தடவை கொத்தி, கட்டியை உடைக்காமல் அப்படியே வெயிலில் போட்டுவிட்டால் வேலை பாதி குறையும். காய்வதும் நனைவதுமாக கட்டிகள் தானாகவே உதிரும். உழுத மண்ணை நன்றாக காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் உழவு அதிகாரமே சொல்கிறது. புரட்டாசியில் இன்னொரு கொத்து கொத்தி விதைத்துவிடலாம். பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். ரெண்டு பக்கமும் நின்றே கை எட்டும், பாத்திக்குள் கால் வைக்க வேண்டியிருக்காது.

வெடிப்பு விழுந்த இடத்தில் வெறுங்கையை விடக்கூடாது. தேளும் பாம்பும் நிழலுக்கு அங்கேதான் ஒதுங்கும். செருப்பு போட்டுக்கொண்டு, கம்பால் தட்டிவிட்டு இறங்குவது நல்லது. சுவர் ஓரம் எர்த் கம்பி புதைத்த இடத்தை கேட்டு தெரிந்துகொண்டு அதை விட்டு தள்ளியே தோண்ட வேண்டும். மம்பட்டியோ கம்பியோ காலில் பட்டு ரத்தம் வந்தால், ஜன்னி கண்டு உயிரை எடுக்கும் கிருமி மண்ணில் உண்டு. மஞ்சள் தடவிவிட்டு சும்மா இருந்துவிடாமல், காயத்தை சோப்பு போட்டு கழுவி அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போய் ஊசி போட வேண்டுமா என்று கேட்க வேண்டும்.