ஃபேனை நிறுத்துங்க, தராசு ஆடும்!

பார்மசி கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். நம்மை விட்டுவிட்டார்கள்! வாங்க, பார்த்து வாங்க, காலடியில் ஒயர்.

மேஜை முழுக்கப் பீக்கர்கள். ஒன்றின் மேல் 'தொடாதே', இன்னொன்றில் 'நிஜமாகவே தொடாதே' என்று ஸ்டிக்கர்! உள்ளே இருப்பவை வாய்க்குள் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் கூழ்கள். கன்னத்தின் உட்புறம் வழியே மருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிட்டால், வயிற்று அமிலத்திடமும் கல்லீரலிடமும் சிக்கிக் குறையாது. ஆனால் எச்சில் சும்மா இருக்குமா? கழுவிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் ஒட்டும் பாலிமர்.

ஆய்வு மாணவி அப்படியொரு பாலிமரான கார்போபால் பொடியைச் சுழலும் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுகிறார். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். வெளியே பசை, உள்ளே காய்ந்த பொடி. ராத்திரி முழுக்க ஊறியது பக்கத்தில் கலங்கலாக, நீர்க்க இருக்கிறது. அதில் ட்ரைஎத்தனாலமைன் என்ற காரம் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அடடா! சுருண்டு கிடந்த பாலிமர் இழைகள் ஒன்றையொன்று தள்ளி விரிய, கலங்கல் தெளிந்து இறுகுகிறது. பீக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார். ஒரு சொட்டு விழவில்லை! "எத்தனை தடவை செஞ்சாலும் சலிக்காது" என்கிறார், கண் விரிய.

மூலையில் ஒரு மஞ்சள் பை. புளியங்கொட்டை! ஊரிலிருந்து மாணவியின் அம்மா கொடுத்தனுப்பியது. பருப்பை மாவாக்கி, வேகவைத்து, தெளிவை அசிட்டோனில் ஊற்றினால் பசை வெள்ளையாகத் திரண்டு வரும். நூலுக்குக் கஞ்சி போட உதவிய அதே பசை, இன்று உலர்ந்த கண்ணுக்கான சொட்டு மருந்துகளிலும் இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனிதான் கொண்டாட்டம். கூழ் எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்று சோதிக்கப் போகிறார்கள். விடியற்காலையில் கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக் கன்னத்தின் உள்தோல், ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. "தலைக்கறி கேப்பாங்க, இதை மட்டும் யாருமா கேப்பா?" என்று சிரித்த கடைக்கார அண்ணன் இப்போது தானே எடுத்து வைத்துவிடுகிறாராம்.

பழைய தராசு. ஒரு பக்கம் இரண்டு தோல் துண்டுகள், நடுவில் புளியங்கொட்டைக் கூழ். மறுபக்கத் தட்டில் காலி டம்ளர். அதில் குளுக்கோஸ் பாட்டில் ட்யூப் வழியே தண்ணீர் சொட்டுகிறது. காற்றில் தராசு ஆடும் என்று ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. எல்லோருக்கும் வியர்வை வழிகிறது, ஒருவரும் நகரவில்லை. சொட்டு... சொட்டு... "விட்டுரும்!" "விடாது!" டப்பென்று பிரிந்ததும் ஒரே கூச்சல்! பிரிக்க எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டதோ, அதுதான் ஒட்டின பலம்.

பிசுபிசுத்த விரலோடு மாணவி நோட்டில் எடையைக் குறிக்கிறார். பக்கமே கையோடு வருகிறது. "மூணு தடவை எடுத்துத்தான் சராசரி போடணும். அண்ணா, ஃபேனைப் போட்டுராதீங்க!"