பாறை பிளக்கும் ரசாயனமும் கிணற்று நீரும்

சாயத் தொட்டிக்கும் சரி, நாற்றங்காலுக்கும் சரி, நீரே ஆதாரம் என்பதை நமது அங்கத்தினர் யாவரும் அறிவர். நீர் கெட்டால் நூலில் சாயம் சீராகப் பற்றாது. நிலத்தில் பயிர் தேறாது. ஆகவே, அமெரிக்க நாட்டில் எரிவாயு எடுக்கும் ஒரு முறையினால் நிலத்தடி நீருக்கு நேரக்கூடிய கேட்டை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பூமிக்கடியில் பல்லாயிரம் அடி ஆழத்துக் களிப்பாறைகளில் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. அங்குத் துளையிட்டு, மணல் கலந்த நீரைப் பேரழுத்தத்துடன் செலுத்தினால் பாறையில் பிளவுகள் உண்டாகும். மணல் அப்பிளவுகளை மூடாதபடி தாங்கி நிற்க, வாயு மேலே வரும். இதனை நீரியல் விரிசல் முறை என்பர். 2011 முதல் 2013 வரை அந்நாட்டில் ஒரு துளைக்குச் செலவான நீரின் நடுமட்ட அளவு சுமார் 57 லட்சம் லிட்டர்.

இதில் ரசாயனங்கள் பொதுவாக நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படுவதில்லை. ஒரு பங்கு என்றே கொண்டாலும் 57,000 லிட்டர் ஆகிறது. அவற்றுள் தீங்கற்றவையும் உண்டு. துணி அச்சுச் சாயத்தைக் கெட்டியாக்கும் நமது கொத்தவரை விதைப் பசையே அங்கு மணலைச் சுமக்கவும் உதவுகிறது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மெதனால், கிருமிகொல்லிகள் முதலியனவும் சேர்க்கப்படுகின்றன. திரும்பி வரும் நீரோ, பாறையிலுள்ள உப்பையும், சில இடங்களில் ரேடியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது.

இவை ஊற்று நீரை அடையும் வழிகள் யாவை? தரையிற் சிந்துதல் ஒன்று. துளையைச் சுற்றியுள்ள எஃகு உறையும் சிமெண்டும் பழுதுபடுதல் மற்றொன்று. கழிவு நீரைப் பூச்சில்லாத குழிகளில் தேக்குதலும், ஊற்றுக்கு அருகான ஆழத்திலேயே பாறையைப் பிளத்தலும் ஏனையவை. இத்தகைய சந்தர்ப்பங்களில் குடிநீர் பாதிக்கப்படக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2016 டிசம்பரில் அறிவித்தது.

வயோமிங் மாநிலத்துப் பவிலியன் என்னும் சிற்றூர் இதற்கு உதாரணம். அங்குச் சுமார் 1,220 அடி ஆழத்திலேயே பாறை பிளக்கப்பட்டது; வீட்டுக் கிணறுகள் சில 800 அடி வரை இறங்கியவை. நீர் கெட்டதற்கு இம்முறையே காரணமாகலாம் என்று மேற்படி நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு வரைவறிக்கை கூறியது. 2013-இல் அந்நிறுவனம் ஆய்வை மாநிலத்திடம் ஒப்படைத்தது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் காரணம் உண்டென்றனர். மாநில அரசோ அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது.

துளையிடுமுன் எடுத்த நீர்ச் சோதனைக் கணக்கு போதாமையே இவ்வழக்குத் தீராமைக்கு ஒரு முக்கிய காரணம். ஆரம்ப இருப்பு எழுதாத பேரேட்டில் நட்டம் எவ்வளவு, அதற்குப் பொறுப்பாளி யார் என்று எந்தத் தணிக்கையாளர் கூற இயலும்? தணிக்கையின்போது நாம் அடிக்கடி காணும் குறையே அங்கு நீர் விஷயத்தில் நேர்ந்துள்ளது.

நமது மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம், காவிரிப் படுகையின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் களிப்பாறை வாயு எடுப்பதைத் தடை செய்துள்ளது. ஆயினும் நீரைக் கெடுப்பது அது ஒன்றே அன்று. நமது சாயக் கழிவும் அத்தகையதே. ஆதலின் ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்து, உப்பளவு முதலிய முடிவுகளைத் தேதியுடன் தனிப் பதிவேட்டில் எழுதி வருதல் நலம். கேடு வந்தபின் நியாயம் கேட்க அப்பதிவேடே நமக்குச் சாட்சியாகும்.