பரிசுப் பணமே புள்ளி: ஸ்னூக்கர் தரவரிசைப் போட்டிகள் இயங்கும் விதம்

2025 மே 5 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஜாவோ ஷின்டாங் ஸ்னூக்கர் உலக சாம்பியன் ஆனார். சீனாவிலிருந்து மட்டுமல்ல, ஆசியாவிலிருந்தே அந்தப் பட்டத்தை வென்ற முதல் வீரர் அவர்தான். இறுதிப் போட்டியில் அவர் வீழ்த்தியது, ஏற்கெனவே மூன்று முறை பட்டம் வென்றிருந்த 50 வயது வேல்ஸ் வீரர் மார்க் வில்லியம்ஸை. ஸ்கோர் 18-12. இத்தனைக்கும் அன்றைய தேதியில் உலகத் தரவரிசைப் பட்டியலில் ஜாவோவின் பெயரே கிடையாது.

சூதாட்ட விதிகளை மீறியதற்காக அவருக்கு 20 மாதத் தடை விதிக்கப்பட்டிருந்தது. வேறொரு வீரர் ஆட்டங்களை முன்கூட்டியே பேசி முடித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்றும், தானும் ஆட்டங்கள்மீது பந்தயம் கட்டியதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். 2024 செப்டம்பரில் தடை முடிந்தபோது கையில் தொழில்முறை உரிமம் இல்லை. அமெச்சூர் வீரராகவே உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் முதல் படியிலிருந்து ஏறி வந்தார். தகுதிச் சுற்றில் நான்கு வெற்றி, பிரதானச் சுற்றில் ஐந்து வெற்றி. மொத்தம் 111 ஃபிரேம்களை, அதாவது ஓர் ஆட்டத்தின் தனித்தனிப் பகுதிகளை, வென்ற பிறகுதான் கோப்பை கைக்கு வந்தது. அடுத்த பருவத்தில் தொழில்முறை வீரராகப் பட்டியலில் நுழைந்தபோதே முதல் 16 பேருக்குள் போய் உட்கார்ந்தார்.

பட்டியலிலேயே இல்லாத ஒருவர் ஒரே போட்டியில் இவ்வளவு உயரம் போக முடிகிறது என்றால், அந்தப் பட்டியல் எதை அளக்கிறது? பதில் மிக எளிது: பணத்தை. 2014-15 பருவத்திலிருந்து ஸ்னூக்கரில் தரவரிசைப் புள்ளி என்று தனியாக எதுவும் இல்லை. தரவரிசைப் போட்டிகளில் ஒரு வீரர் கடைசி இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுத் தொகையைக் கூட்டினால் வருவதுதான் அவருடைய புள்ளி. ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தொகை கழிந்துகொண்டே வரும்; ஒரு பக்கம் தண்ணீர் விழ, மறுபக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும் தொட்டி மாதிரி. பெல்ஜியத்தின் லூகா பிரெசெல் 2023இல் உலக சாம்பியன் ஆனார். அந்த 5 லட்சம் பவுண்டு 2025 உலகப் போட்டியோடு கணக்கிலிருந்து கழிந்தது. அந்த ஆண்டு அவர் காலிறுதிவரை வந்தும்கூட முதல் 16 இடங்களுக்கு வெளியே போய்விட்டார்.

தரவரிசை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1976-77 பருவத்தில் முதல் அதிகாரபூர்வப் பட்டியல் வந்தபோது, முந்தைய மூன்று உலகப் போட்டிகளில் யார் எதுவரை வந்தார் என்பது மட்டுமே கணக்கு. முதலிடம் வேல்ஸின் ரே ரியர்டனுக்கு. 1982இல்தான் மற்ற போட்டிகளும் கணக்கில் சேரத் தொடங்கின. அதன்பின் ஒவ்வொரு போட்டிக்கும் இத்தனை புள்ளி என்ற அட்டவணை நெடுங்காலம் இருந்தது.

பணத்தைப் புள்ளியாக்கியதில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்தப் போட்டி பெரியது, எது சிறியது என்று அதிகாரிகள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் பரிசுத் தொகை எங்கே குவிகிறதோ அங்கேயே தரவரிசையும் குவிகிறது. உலக சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்டு. இறுதிப் போட்டியில் தோற்றவருக்கு 2 லட்சம், அரையிறுதியில் வெளியேறுபவருக்கு 1 லட்சம், காலிறுதியில் வெளியேறுபவருக்கு 50 ஆயிரம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து பெயரில் நடக்கும் நான்கு ஓப்பன் போட்டிகளில் 2024-25இல் வென்றவருக்குக் கிடைத்தது தலா 1 லட்சம். ஆக, அந்த நான்கையும் ஒருவரே வென்றாலும் உலகப் பட்டத்துக்கு ஈடாகாது. சவுதி அரேபியாவின் ரியாத்தில் 2024இல் தொடங்கிய போட்டியோ எடுத்த எடுப்பிலேயே 5 லட்சம் பவுண்டு பரிசு வைத்தது. 97 ஆண்டு மரபுள்ள உலகப் பட்டமும் ஒரு வயதுகூட ஆகாத போட்டியும் பட்டியலில் ஒரே எடை பெற்றுவிட்டன. இதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

எல்லாப் பெரிய போட்டியும் தரவரிசைப் போட்டி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கு முதல் 16 பேருக்கு மட்டுமே அழைப்பு. உலகப் போட்டி, யுகே சாம்பியன்ஷிப் ஆகியவற்றோடு சேர்த்து முப்பெரும் பட்டங்களில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள். ஆனாலும் அதில் வெல்லும் பணம் தரவரிசைக்குச் சேராது. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே ஆடும் இடத்தில் புள்ளியும் கொடுத்தால், மேலே இருப்பவர் மேலேயே இருப்பார் என்பதுதான் காரணம், நியாயமான விதி. மறுபக்கம், ஷூட் அவுட் என்ற போட்டியில் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஃபிரேம், அதுவும் பத்தே நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு ஷாட்டுக்கு 15 விநாடி, பிறகு 10 விநாடி. ரசிகர்கள் கத்திக் கூச்சலிடுவார்கள். பார்க்கக் கொண்டாட்டமாகத்தான் இருக்கும். 2017இல் அதையும் தரவரிசைப் போட்டியாக்கினார்கள். அது தவறு என்பேன்; பத்து நிமிட ஓட்டத்தில் தெரிவது வேகமும் அதிர்ஷ்டமும்தான்.

இந்த ஆட்டத்தின் உண்மையான அளவுகோல் நீளம். உலகப் போட்டி நடக்கும் ஷெஃபீல்டின் குரூசிபிளில் முதல் சுற்றில் ஜெயிக்க 10 ஃபிரேம் எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றிலும் காலிறுதியிலும் 13, அரையிறுதியில் 17, இறுதியில் 18. பதினேழு நாள் போட்டி. அரையிறுதி மட்டுமே நான்கு அமர்வுகள். 2023 அரையிறுதியில் பிரெசெல் 5-14 என்று சீனாவின் சி ஜியாஹுயியிடம் பின்தங்கியிருந்தார்; 17-15 என்று வென்றார். குறுகிய ஆட்டமாக இருந்திருந்தால் அது எப்போதோ முடிந்திருக்கும்.

குரூசிபிள் ஒரு நாடக அரங்கம். 1976இல் அங்கே நாடகம் பார்க்கப் போன கரோல் வாட்டர்சன், ஸ்னூக்கருக்கு இந்த இடம் பொருந்தும் என்று போட்டி ஏற்பாட்டாளரான தன் கணவர் மைக்கிடம் சொன்னார். 1977 முதல் உலகப் போட்டி அங்கேதான் நடக்கிறது. இருக்கைகள் ஏறத்தாழ 980 மட்டுமே. காலிறுதிவரை இரண்டு மேசைகள், நடுவில் ஒரு தடுப்பு. முதல் வரிசையில் இருப்பவருக்கு வீரரின் மூச்சு கேட்கும். பக்கத்து மேசையில் யாரோ ஒரு சென்சுரி, அதாவது ஒரே தொடர் ஆட்டத்தில் நூறு புள்ளி, அடித்தால் தடுப்புக்கு அப்பாலிருந்து கைதட்டல் எழும்; இந்தப் பக்கம் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி குனிவார். அரையிறுதிக்குத் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேசை போடுவார்கள். அந்த ஒற்றை மேசையில் ஆடிவிட வேண்டும் என்பது அநேகமாக ஒவ்வொரு வீரரின் ஆசை.

ஆட்டத்தின் கணக்கு தெரியாதவர்களுக்கு: பன்னிரண்டு அடி நீள மேசையில் 15 சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் இருக்கும். சிவப்புக்கு 1 புள்ளி, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம் என்று மாறி மாறிக் குழியில் தள்ள வேண்டும். வண்ணப் பந்து திரும்பவும் தன் இடத்துக்கு வரும். சிவப்பு தீர்ந்ததும் வண்ணங்களை மதிப்பின் வரிசைப்படி எடுக்க வேண்டும். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பை எடுத்து மேசையைத் துடைத்தால் 147. ஒருவர் ஆடும்போது மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. டென்னிஸில் எதிராளி அடித்தால் திருப்பி அடிக்கலாம். இங்கே எதிராளி தவறும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1985 இறுதிப் போட்டியை இன்றும் பேசுகிறார்கள். நடப்புச் சாம்பியன் ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு ஃபிரேம்களையும் வென்றார். வடக்கு அயர்லாந்தின் டென்னிஸ் டெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தார். 17-17. கடைசி ஃபிரேம் 68 நிமிடம் நீடித்தது. நான்கு பந்துகள் மீதமிருக்க, டேவிஸ் 62-44 என்று முன்னிலை. டெய்லருக்கு நான்கும் தேவை. பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மூன்றையும் எடுத்தார்: 62-59. கறுப்பு ஒன்றுதான் பாக்கி; எடுப்பவர் சாம்பியன். இருவரும் முயன்று தவறினார்கள். டேவிஸுக்கு மேல் குழிக்கு ஒரு மெல்லிய வெட்டு கிடைத்தது. பந்தைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார். டெய்லர் எடுத்துவிட்டு, கியூ கோலை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினார். அந்த இறுதிப் போட்டி முழுவதிலும் அவர் முன்னிலை பெற்றது அந்த ஒரு ஷாட்டில்தான். பிரிட்டனில் நள்ளிரவு தாண்டியும் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவும் மேல்தளத்தின் கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, குரூசிபிள் தொடங்குவதற்கு முன் அதே ஷெஃபீல்டில் வேறொரு விளையாட்டு வளாகத்தில் நடக்கும் தகுதிச் சுற்று. முதல் 16 பேர் நேரடியாகக் குரூசிபிளுக்குப் போகிறார்கள். மீதி 16 இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மோதுகிறார்கள். நான்கு சுற்றுகள், பட்டியலில் எவ்வளவு கீழே இருக்கிறோமோ அவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும். கடைசிச் சுற்றை அங்கே தீர்ப்பு நாள் என்றே சொல்கிறார்கள். முன்னாள் சாம்பியன்களும் பள்ளி முடித்த இளைஞர்களும் அடுத்தடுத்த மேசைகளில் ஆடுவார்கள். பார்வையாளர் கூட்டம் சொற்பம்தான்.

பலர் அங்கே ஆடுவது கோப்பைக்காக அல்ல, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. தொழில்முறைச் சுற்றில் ஏறக்குறைய 128 பேர். ஒரு முறை உரிமம் கிடைத்தால் இரண்டு ஆண்டு செல்லும். உலகப் போட்டி முடியும்போது பட்டியலில் முதல் 64 பேருக்குள் இருப்பவர் தங்குவார். அதற்குக் கீழே உரிமம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் கியூ ஸ்கூல் எனப்படும் தேர்வுப் போட்டிக்குப் போய் மறுபடி ஆடி ஜெயித்தால்தான் திரும்ப முடியும். 63ஆம் இடத்துக்கும் 66ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரம் பவுண்டு, அதாவது தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டம். ஜனவரியில் ஏதோவொரு போட்டியில் தவறவிட்ட இளஞ்சிவப்புப் பந்துகூட ஏப்ரலில் கணக்குக்கு வரும். முதல் சுற்றில் தோற்றால் வெறுங்கையோடு திரும்பும் நிலை நெடுங்காலம் இருந்தது. பயணம், விடுதி, பயிற்சி மேசை வாடகை எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. 2022-23 பருவத்தில்தான் ஒவ்வொரு தொழில்முறை வீரருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 20 ஆயிரம் பவுண்டு உறுதி என்று அறிவித்தார்கள். மிகத் தாமதமாக வந்த ஏற்பாடு. 1927இல் முதல் உலகப் பட்டத்தை வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்தது 6 பவுண்டு 10 ஷில்லிங். மேலே இருப்பவர்களின் வருமானம் அங்கிருந்து எங்கோ போய்விட்டது. கீழே இருப்பவர்களுடையது அந்த வேகத்தில் நகரவில்லை.

வெளிநாட்டு வீரருக்கு இன்னொரு சுமையும் உண்டு. சீனாவில் நடக்கும் போட்டிக்கும்கூடத் தகுதிச் சுற்றை இங்கிலாந்தில் வைப்பதே நீண்டகால வழக்கம். எனவே இதையே பிழைப்பாகக் கொள்ள நினைப்பவர் அங்கே குடியேறியாக வேண்டும். சீன இளைஞர்கள் பலர் ஷெஃபீல்டிலேயே தங்கிப் பயிற்சி எடுப்பது இதனால்தான். ஜாவோ ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவருக்குப் பின்னால் அப்படி ஊரைவிட்டு வந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. 2016இல் உலக இறுதிவரை வந்து மார்க் செல்பியிடம் தோற்ற டிங் ஜுன்ஹுய் அந்தப் பாதையின் முன்னோடி.

இந்தியாவோடு இந்த ஆட்டத்துக்கு உள்ள உறவு பிறப்பிலேயே தொடங்குகிறது. 1875இல் ஜபல்பூர் ராணுவ உணவகத்தில் நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பின்னர் சென்னை ராணுவத் தளபதியின் அலுவலர் குழுவில் சேர்ந்து உதகைக்கு வந்தபோது, 1882இல் அங்குள்ள ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிவரை வந்த முதல் இந்தியர் ஆதித்ய மேத்தா. 2013இல் புது டெல்லியில் நடந்த முதல் இந்தியன் ஓப்பனில் டிங் ஜுன்ஹுயியிடம் 0-5 என்று தோற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த பால் ஹன்டர் கிளாசிக்கில் 147 அடித்தார். இந்தியன் ஓப்பன் பிறகு மும்பைக்கும், 2016இல் ஹைதராபாத்துக்கும், 2017இல் விசாகப்பட்டினத்துக்கும், 2019இல் கொச்சிக்கும் வந்தது. அதோடு நின்றுவிட்டது. சென்னைக்கு வரவேயில்லை.

சென்னையில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த சர்வதேச பில்லியர்ட்ஸ் ஸ்னூக்கர் சம்மேளனத்தின் மகளிர் உலகப் பட்டத்தை, ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று வென்று கைப்பற்றிய அனுபமா ராமச்சந்திரன் சென்னைக்காரர். அது அமெச்சூர் பட்டம். தரவரிசைக் கணக்கில் வராது. இங்கிருந்து தொழில்முறைச் சுற்றுக்குப் போக விரும்புபவர் கியூ ஸ்கூல் தேர்வையோ அமெச்சூர் பட்டங்களையோ வென்று உரிமம் பெற வேண்டும், பிறகு இங்கிலாந்தில் வீடு பார்க்க வேண்டும். சொந்த நாட்டில் ஒரு தரவரிசைப் போட்டி நடந்தால் உள்ளூர் ஆட்டக்காரர்கள் சிலருக்கு அழைப்பு இடம் கிடைக்கும். இந்தியன் ஓப்பனிலும் அப்படிக் கிடைத்தது. அந்த ஒரு ஆட்டத்துக்காகவாவது அது திரும்ப வர வேண்டும், இம்முறை சென்னையில்.