ஒரு வாசனையின் முகவரி

நகரம் எழுதும் கணக்கு – 9

2005 அக்டோபர் 27, வியாழக்கிழமை இரவு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் தெருவில் நடந்தவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். காற்றில் இனிப்பு மணந்தது. மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகின் மணம். அமெரிக்கர்கள் காலையில் பான்கேக் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்களே, அதே பாகு.

இன்னொரு ஊராக இருந்தால் யாரோ பலகாரம் செய்கிறார்கள் என்று போயிருப்பார்கள். ஆனால் நியூயார்க்கில், பயங்கரவாதத் தாக்குதலில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நகரத்துக்கு இனம் தெரியாத எந்த வாசனையும் பயம்தான். நச்சு வாயுவை இனிப்பு மணத்தில் மறைத்து யாராவது விட்டிருக்கிறார்களோ என்று கேட்டவர்கள் உண்டு. அதிகாரிகள் காற்றைச் சோதித்தார்கள். ஆபத்து எதுவும் இல்லை என்றார்கள். விடிவதற்குள் வாசனை போய்விட்டது. எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

பிறகு அது மீண்டும் வந்தது. மாதக்கணக்கில் காணாமல் போகும், திடீரென ஓர் இரவு திரும்பி வரும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நியூயார்க் இந்தப் புதிருடன் வாழ்ந்தது. அதை அவிழ்த்ததில் பெரும்பங்கு ஒரு புகார்ப் பதிவேட்டுக்கு உண்டு. இந்த வாரம் அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மூன்று இலக்கம்

அமெரிக்காவில் அவசர உதவிக்கு 911. தீ, திருட்டு, மாரடைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்பதற்கெல்லாம் கூட மக்கள் 911-ஐ அழைத்தார்கள். அந்தச் சுமையைக் குறைக்க 1996-இல் பால்டிமோர் நகரம் 311 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் நியூயார்க்கும் அதை ஏற்றது.

அதுவரை ஒரு நியூயார்க்வாசி குப்பைக்கு ஒரு துறையையும் சாலைக் குழிக்கு இன்னொரு துறையையும் தேடி அலைய வேண்டும். எந்த வேலை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதைக் குடிமகன்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 311 அந்தப் பாரத்தை அரசின் தோளுக்கு மாற்றியது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு 170-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசலாம். எடுப்பவர் புகாரைக் கேட்டு, எண் கொடுத்து, உரிய துறைக்கு அனுப்புவார்.

அந்த எண்ணோடு இன்னும் சில விவரங்களும் பதிவாகின்றன. எப்போது வந்த புகார், எந்த வகை, எந்த முகவரி, எந்தத் துறைக்குப் போனது, எப்போது முடித்துவைக்கப்பட்டது. ஒரு புகார், ஒரு வரி. நியூயார்க் அறியாமலேயே தன் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

காற்று வந்த திசை

முதல் இரவின் அனுபவத்துக்குப் பிறகு, வாசனை பற்றி வரும் அழைப்புகளைத் தனியே கவனிக்க நகரம் ஏற்பாடு செய்தது. 2009 ஜனவரி 29 அன்று மணம் மீண்டும் கிளம்பியது. அழைப்புகள் குவிந்தன. இம்முறை அதிகாரிகள் ஒவ்வோர் அழைப்பையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மணந்தது என்பது தெரிந்தது. அந்த நேரத்தில் காற்று எந்தத் திசையில் வீசியது என்ற வானிலைக் கணக்கையும் அதன் மேல் வைத்தார்கள். காற்றின் வழியே பின்னோக்கிப் போனால் கோடு ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சி மாநிலத்துக்குப் போயிற்று.

பிப்ரவரி 5 அன்று மேயர் புளூம்பெர்க் செய்தியாளர்களிடம் விடையைச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் நார்த் பெர்கன் என்ற ஊர். அங்கே ஃப்ரூட்டாரோம் என்ற நிறுவனத்தின் ஆலை. உணவுக்கு மணமும் சுவையும் சேர்க்கும் பொருட்களைத் தயாரிப்பது. அந்த ஆலையில் ஒரு விதையைப் பதப்படுத்தும்போதெல்லாம், காற்றும் ஒத்துழைத்தால், வாசனை ஆற்றைக் கடந்து மன்ஹாட்டனுக்கு வந்திருக்கிறது. உடலுக்குக் கெடுதல் இல்லை.

அந்த விதை எது தெரியுமா? வெந்தயம்.

நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம். அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் சோடோலோன் என்ற வேதிப்பொருள். மேப்பிள் பாகின் மணத்திலும் அது உண்டு. அதனால்தான் செயற்கை மேப்பிள் பாகுக்கு மணமூட்ட அங்கே வெந்தயச் சாற்றைச் சேர்க்கிறார்கள். சாம்பாருக்கு வெந்தயம் வறுக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு, ஒரு பெருநகரம் அந்த மணத்துக்கு மூன்று ஆண்டுகள் பெயர் தெரியாமல் தவித்தது என்பது வியப்புதான். என்னை அதைவிட அதிகம் வியக்க வைப்பது வேறொன்று. அழைத்த எவருக்கும் விடை தெரியாது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தன் தெருவில், தன் மூக்குக்கு, அந்த நிமிடத்தில் எட்டியது மட்டுமே. அந்தத் துளிகளை இடமும் நேரமும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவைத்தபோது, யாருக்கும் தெரியாத விடை எல்லோருக்குமாகக் கிடைத்தது.

கதவு திறந்தது

2012 மார்ச்சில் நியூயார்க் ஒரு சட்டம் இயற்றியது. நகர நிர்வாகத்திடம் உள்ள பொதுத் தரவுகள் அனைத்தையும் 2018 முடிவதற்குள் ஒரே இணையதளத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 311 பதிவேடும் அங்கே வந்தது. 2010 முதல் இன்று வரை 3 கோடிக்கும் அதிகமான வரிகள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம்.

பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? பிராட் கல்வி நிறுவனத்தில் அப்போது கற்பித்துவந்த பென் வெலிங்டன், இப்படித் திறந்துவைக்கப்பட்ட இன்னொரு பதிவேட்டை எடுத்தார். கார் நிறுத்தியதற்கான அபராதங்களின் பட்டியல் அது. தீயணைப்புக் குழாய் அருகே வண்டி நிறுத்துவது அங்கே குற்றம். எந்தக் குழாய் அதிக அபராதம் ஈட்டித் தருகிறது என்று 2014-இல் எண்ணிப் பார்த்தார். ஃபோர்சைத் தெருவில் ஒரே ஒரு குழாய் ஆண்டுக்கு சுமார் 33,000 டாலர் ஈட்டியிருந்தது! அங்கே குழாய்க்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே சைக்கிள் பாதை. சாலையில் வண்டி நிறுத்தலாம் என்பதுபோலக் கோடும் போட்டிருந்தது. கோட்டை நம்பி நிறுத்தியவர்கள் அபராதம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். விஷயம் வெளிவந்ததும் நகரம் கோட்டை மாற்றிப் போட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சட்டப்படி வண்டி நிறுத்த அனுமதி உள்ள நடைபாதைச் சரிவுகளின் முன்பும் போலீசார் அபராதம் எழுதிவருவதை அதே பட்டியலைக் கொண்டு அவர் காட்டினார். காவல்துறை தவறை ஒப்புக்கொண்டு, ரோந்துக் காவலர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தது. தனி ஒருவர் போய் என் மேல் தப்பில்லை என்று வாதாடினால் அது ஒரு வழக்கு. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது நடந்திருப்பதைக் காட்டினால் அது நிர்வாகத்தின் பிழை.

குளிரின் கணக்கு

இனி 311 பதிவேட்டில் என்னை அதிகம் பாதித்த பக்கத்துக்கு வருகிறேன்.

நியூயார்க்கின் வாடகைக் கட்டடங்கள் பலவற்றில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அடித்தளத்தில் இருக்கிறது. அதை இயக்குவது கட்டட உரிமையாளர் கையில். அவர் இயக்காவிட்டால் மாடியில் இருக்கும் குடும்பம் விறைக்கும். அதனால் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். நம் கணக்கில் 20 செல்சியஸ். இரவில், வெளியே எப்படி இருந்தாலும், உள்ளே 62-க்குக் குறையக் கூடாது. மீறினால் உடனடி ஆபத்து என்ற வகையில் குற்றமாகப் பதிவாகும்.

அக்டோபர் பிறந்து குளிர் ஏறினால் போதும், 311 பதிவேட்டில் 'வெப்பம் இல்லை, வெந்நீர் இல்லை' என்ற வரிகள் ஆயிரக்கணக்கில் எழும். அவற்றை வரைபடத்தில் வைத்தால் புள்ளிகள் நகரெங்கும் ஒரே சீராக விழாது. ஏழைகளும் குடியேறிகளும் நெருங்கி வாழும் பிராங்ஸ் பகுதியில் புள்ளிகள் அடர்ந்து நிற்கும். ஒரே கட்டடத்திலிருந்து குளிர்காலம் முழுக்கப் புகார் வருவதும், அடுத்த ஆண்டும் அதே கட்டடம் வருவதும் அந்தப் பட்டியலில் தெரியும்.

வெப்பம் வராத வீட்டில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? அடுப்பை எரியவிடுவார்கள், மின்சார ஹீட்டரை இரவெல்லாம் ஓட விடுவார்கள். 2022 ஜனவரி 9 அன்று பிராங்ஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், பழுதான மின் ஹீட்டரிலிருந்து தீ பிடித்தது. புகை படிக்கட்டு வழியே மேலே ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். குளிர்காலப் புகாரை வீட்டு வசதிக் குறைவு என்று மட்டும் இனி யாராலும் படிக்க முடியாது. அது உயிர்க் கணக்கு.

இந்த நிலையை மாற்றச் சில நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அதிகாரி வந்து பார்க்கும் நேரத்தில் மட்டும் கொதிகலன் வேலை செய்தால் குடியிருப்பவரின் சொல் எடுபடாது. அதற்காக ஹீட் சீக் என்ற தொண்டு அமைப்பு, மணிக்கு மணி வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவிகளைக் குடியிருப்பவர்களுக்குத் தந்தது. 2020-இல் வந்த நகரச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன்படி, புகாரும் குற்றப்பதிவும் மிகுந்த 50 கட்டடங்களை நகரம் தேர்ந்தெடுத்தது. உரிமையாளர் தன் செலவில் ஒவ்வொரு வீட்டிலும் வெப்பமானி பொருத்த வேண்டியிருந்தது. எந்த 50 என்பதை முடிவு செய்ய உதவியவற்றில் ஒன்று, நடுங்கிக்கொண்டே தொலைபேசியை எடுத்தவர்களின் புகார்கள்.

வெற்று இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, புகார் இல்லாத இடம் குறை இல்லாத இடம் ஆகிவிடாது. விடாமல் அழைக்கும் ஒருவர் இருக்கும் கட்டடத்துக்கு நூறு வரிகள் சேரும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ, குடியுரிமைத் தாளைக் கேட்பார்களோ என்று அஞ்சும் ஐம்பது குடும்பங்களின் கட்டடத்துக்கு ஒரு வரிகூடச் சேராது. அழைத்து என்ன ஆகப் போகிறது என்று நம்பிக்கை இழந்தவர்களும் அப்படியே. புள்ளிகளைப் படிக்கிறவர் வெற்று இடங்களையும் படிக்க வேண்டும். அங்கே நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, திறந்துவைப்பதிலும் பொறுப்பு வேண்டும். 2014-இல் நியூயார்க் டாக்சிகளின் ஓராண்டுப் பயணப் பட்டியல், தகவல் கோரிக்கை ஒன்றின் வழியே வெளிவந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம். டாக்சி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் குறியீடாக மாற்றி மறைத்திருந்தார்கள். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அதை உடைத்துக் காட்டினார். அந்த எண்கள் சில வடிவங்களில்தான் இருக்க முடியும். இருக்கக்கூடிய எல்லா எண்களையும் குறியீடாக்கி ஒப்பிட்டால் போதும். ஓர் ஓட்டுநர் எங்கே போனார், எவ்வளவு சம்பாதித்தார் என்பது அம்பலமாகும் நிலை. இப்போது அந்தப் பட்டியலில் சரியான இடத்துக்குப் பதிலாகப் பெரிய வட்டாரத்தின் எண் மட்டுமே வருகிறது. ஊர் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது. அந்த எல்லையைக் காப்பது பதிவேட்டை வெளியிடுகிறவரின் கடமை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊர்களிலும் புகார் எண்கள் இருக்கின்றன. சென்னை மாநகராட்சியின் 1913 அவற்றில் ஒன்று. அடுத்த முறை தெருவிளக்கு எரியாதபோது, சொல்லி என்ன பயன் என்று போனைக் கீழே வைத்துவிடாதீர்கள். சொல்லுங்கள். இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். அந்தப் பதிவேடுகள், பெயர் விவரங்கள் நீக்கப்பட்டு, எல்லோரும் படிக்கும்படி திறக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள். அழைக்கத் தயங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் ஒரு முறை அழையுங்கள். உங்கள் தெருவைப் பற்றி நீங்கள் சொல்லாவிட்டால், நகரத்தின் கணக்கில் உங்கள் தெரு நலமாக இருக்கிறது என்றே எழுதப்படும்.

(தொடரும்)